பக்கத்து வீட்டை இனி நீங்கள்தான் தேட வேண்டும்

(வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்)

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வருகிற மார்ச்சில் அவருக்குப் பணி ஓய்வு. மனைவிக்கு 57 வயது, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இவர் இந்து, மனைவி ரோமன் கத்தோலிக்கர். 1993-இல் கடலூரில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவுத் திருமணம். இருவரும் மதம் மாறவில்லை. மகள் அயர்லாந்தில் நர்ஸ், மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை. முப்பது வருடமாகக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ஒரு பக்கம் பாலக்காட்டுக் குடும்பம், மறுபக்கம் விசாகப்பட்டினத்துக்காரர்கள், பின்வரிசையில் பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பம். தோட்டத்துப் பலாவில் பழம் இறக்கும் நாளில், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான்கு வீட்டுப் பெண்களும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து சுளை எடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். இப்போது அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கையில் 70 லட்சம் வரை தேறும். யோசனைகள் மூன்று. சென்னை ஓ.எம்.ஆரில் 600 வீடுகள் கொண்ட ஒரு கேட்டட் கம்யூனிட்டி. கோவையில் முதியோருக்கான தனிக் குடியிருப்பு (இதற்கு ஒரு லட்சம் முன்பணம் கட்டியாயிற்று). சிதம்பரம் பக்கம் சொந்தக் கிராமத்தில் பூர்வீக வீட்டை எடுத்துக் கட்டுவது. மூன்றாவதற்கு அண்ணன் தடை சொல்கிறார்: "வேற மதத்துல கட்டினப்பவே உனக்குப் பங்கு போச்சு."

இதற்கிடையில் வாடகைக்கும் பார்க்கலாமே என்று சென்னையில் பதினோரு வீடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். "சார் வெஜ்தானே?" என்றார் ஒருவர். "நீங்க எந்த ஊர்... இல்ல, நீங்க என்ன ஆளுங்க?" என்றார் இன்னொருவர். ஒரு வீட்டில் அட்வான்ஸ் வரை பேசி முடித்து, ஆதார் நகல்களை அனுப்பிய அரை மணி நேரத்தில் புரோக்கரிடமிருந்து போன் வந்திருக்கிறது: "ஓனர் மனசு மாறிட்டார் சார்." அன்று இரவு அவர் மனைவி, "என் பேரை கடைசியா சொல்லியிருக்கலாமோ?" என்று கேட்டாராம்.

மதம், சாதி பார்த்து வீடு மறுப்பவர்கள் மேல் வழக்குப் போட முடியுமா, எல்லோரும் கலந்து வாழும், எங்களை எங்களாகவே ஏற்றுக்கொள்ளும் இடம் எது, வீட்டை மகன் பெயரிலேயே வாங்கிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

சென்னையில் வக்கீலுக்கும் போலீஸுக்கும் வீடு கிடைக்காது என்று சொல்வார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்த அனுபவத்தைப் பட்டிருக்கிறேன். பிறகு வீடு பார்க்கப் போகும்போது கருப்புக் கோட்டை ஆபீஸிலேயே மாட்டிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டேன். உங்கள் மனைவி தன் பெயரை அப்படி ஆணியில் மாட்டிவிட்டு வர முடியாது. வரவும் வேண்டாம். அவர் அன்றிரவு கேட்ட கேள்விக்கு என் பதில்: பெயரை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மனசு மாறுகிற ஓனர் அப்போதே மாறட்டும். உங்களுக்கு ஆட்டோ காசாவது மிச்சம். மறைத்துக் குடிபோன வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதற்குக்கூடப் பையை மூடி எடுத்துப் போக வேண்டியிருக்கும். அப்படிக் குடியிருந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே புகார்தான்: தூக்கம் வருவதில்லை.

சட்டம் எதுவரை வரும்?

"அரசமைப்புச் சட்டம் 15-ஆவது உறுப்பு இருக்கிறதே, அதை வைத்துக் கேஸ் போட முடியாதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 15(1) கட்டுப்படுத்துவது அரசை. 15(2) தனியாரையும் தொடுகிறது. ஆனால் அது பேசுவது கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை போன்ற பொது இடங்களைப் பற்றி. ஒருவர் தன் மாடி போர்ஷனை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் மேலே, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்த அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், அந்த விதி செல்லும் என்றே 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் என் உடன்பாட்டை வைத்து உங்களுக்கு வழக்கு ஜெயிக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மறுப்புக்குக் காரணம் தீண்டாமை என்றால் கதையே வேறு. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை போடுவது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி குற்றம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. உங்கள் சாதியைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்துமென்றால், அந்தப் புரோக்கரின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

மற்றபடி, கதவைத் திறக்க வைக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. கதவுக்கு உள்ளே போனபிறகு காப்பாற்றும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி உங்களை விரட்டக் கூடாது. சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்லலாம். மீன் குழம்பு அந்தக் காரணங்களில் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் 'சைவம் மட்டும்' என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆகையால் கையெழுத்துக்கு முன் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். புரோக்கர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

நகரியம் ஏன் அப்படி இருந்தது?

உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு பக்கமும் பழைய அக்கம்பக்கத்தைப் பற்றியவை. "அந்த மாதிரி நல்ல மனுஷங்க இப்ப எங்கே சார்?" என்று முடிகின்றன. இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அவர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் பாலக்காட்டுக்காரரும் விசாகப்பட்டினத்துக்காரரும் உங்களைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் இல்லை. சீனியாரிட்டி பட்டியலில் வரிசை வந்தது, சாவி கொடுத்தார்கள், வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்டு மறுக்கும் வசதி யாருக்கும் இல்லை, உங்களுக்கும்தான். முதல் வருடம் ஒருவேளை முறைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். பத்தாவது வருடத்தில் பலாச்சுளை எடுக்க ஒன்றாக உட்கார்ந்தீர்கள். வெளியே, விலை கொடுத்து வாங்கும் இடத்தில், ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் கலப்பு தானாக வராது என்று அரசாங்கத்துக்கே தெரிந்ததால்தான் 1998-இல் சமத்துவபுரங்கள் வந்தன: 100 வீட்டில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 பிறர் என்று கணக்குப் போட்டு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இடம் தேடுவதற்கு இதிலேயே ஒரு வழி இருக்கிறது. வேலையோ குலுக்கலோ ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ஊர்களைப் பாருங்கள். சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே பணிமனைகளைச் சுற்றிய பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம். ராணுவத் தொழிற்சாலைகளைச் சுற்றிய ஆவடி. ரயில்வேயும் விமானப்படையும் கிறிஸ்தவக் கல்லூரியும் சேர்ந்து வளர்த்த தாம்பரம். திருச்சியில் பொன்மலை, திருவெறும்பூர். கோவையில் போத்தனூர். இங்கெல்லாம் குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் பல மொழிக்காரர்களோடு இருந்து பழகியவர்கள் ஓய்வு பெற்றதும் சுற்றியுள்ள தெருக்களில் வீடு கட்டிக்கொண்டார்கள். பெரம்பூரில் லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் என்ன மதம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்புறம், உங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. "ஹவுசிங் போர்டு பக்கம் வேண்டாம், வடநாட்டுப் பசங்க பத்துப் பேர் சேர்ந்து தங்குகிற தெருவும் வேண்டாம்." தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. உங்களைப் பற்றி அந்த ஓனர் புரோக்கரிடம் சொன்னதும் இதே நீளத்தில் ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் ஒதுக்கீட்டிலும் குலுக்கலிலும் நிரம்பியவை. உங்கள் நகரியத்துக்கு மிக நெருங்கிய உறவுக்காரர்கள் அவைதான். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் என்று இன்று எட்டாத விலைக்குப் போய்விட்ட இடங்கள் பலவும் வாரியம் போட்ட மனைகள்தாம். பழைய வாரியக் கட்டடத்தில் தண்ணீர்க் கசிவு, லிஃப்ட் இல்லாமை என்று நியாயமான காரணங்கள் சொல்லி ஒதுக்குங்கள். 60 வயதில் மூன்றாம் மாடிக்கு ஏற முடியாது என்பது நல்ல காரணம். 'அந்த மாதிரி ஆட்கள்' என்பதை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

உங்கள் மூன்று யோசனைகள்

ஓ.எம்.ஆர். கேட்டட் கம்யூனிட்டியில் எல்லா மாநிலத்தவரும் இருப்பார்கள், உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சம்பளம். காலை ஒன்பதரைக்கு மேல் அந்த வளாகத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள்: செக்யூரிட்டி, வீட்டுவேலைக்கு வரும் பெண்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் சில தாத்தா பாட்டிகள். அந்தக் கடைசிக் கூட்டத்தோடு உங்களுக்கு ஒத்துப்போனால் நல்லது. "சொந்தமாக வாங்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது" என்கிறீர்கள். 2024 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி உரிமையாளர் சங்கமும் துணைவிதிகளும் உண்டு. சங்கத்தின் அதிகாரம் பொது இடங்களைப் பற்றியது. உங்கள் அடுப்படிக்குள் நுழைய அதற்கு எளிதில் இடமில்லை. ஆனாலும் சங்கத்தின் கடைசி ஒரு வருடத்துச் சுற்றறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'மீன் கழுவிய தண்ணீர்' பற்றி எத்தனை, லிஃப்டில் யார் ஏறலாம் என்பது பற்றி எத்தனை என்று பார்த்தாலே வளாகத்தின் குணம் தெரிந்துவிடும். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குத் தனி லிஃப்ட் என்று எழுதி ஒட்டியிருக்கும் கட்டடத்தில், உங்களை எவ்வளவு அன்பாக வரவேற்றாலும், நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

கிராமத்து வீட்டைப் பற்றி. உங்கள் அண்ணன் சொல்வது சட்டப்படி தவறு. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர் அந்தச் சட்டப்படி மணம் செய்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்கிறது. பிரிந்தவர் என்றால் பங்கை இழந்தவர் என்று அர்த்தமில்லை. பங்கு அன்றைக்கே தனியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். கேட்டு வாங்க உங்களுக்கு வழி இருக்கிறது. வாங்கலாமா என்பதுதான் கேள்வி. பாகப் பிரிவினை வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சரி, அண்ணனே மனமிரங்கிக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். உங்கள் மனைவியை விட நீங்கள் மூன்று வயது மூத்தவர். உங்களுக்குப் பின் அந்தத் தெருவில், அந்த உறவுக்காரர்கள் நடுவில், தனியாக ஒரு கத்தோலிக்கப் பெண் எத்தனை காலம் இருப்பார்? அவருக்குக் கோயில் எத்தனை கிலோமீட்டர்? கல்லறைத் தோட்டம் எங்கே? சொல்லச் சங்கடமான விஷயம்தான். ஆனால் கலப்புத் திருமணத் தம்பதிகள் பலர் இதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் பிள்ளைகள் நடு இரவில் பங்குத் தந்தைக்குப் போன் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் முதல் மாதமே அங்குள்ள தேவாலயப் பங்கில் உங்கள் மனைவியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பதிவுத் திருமணம் என்பதால் ஏதாவது கேட்டால் அதையும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கோவையில் இப்படிப்பட்ட முதியோர் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. மருத்துவமனைகளும் நல்ல தண்ணீரும் காரணம். இவற்றில் பல, பொதுச் சமையலறையில் சைவம் மட்டுமே என்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பொது அடுப்புக்கு ஒரு விதி வேண்டும். உங்கள் சொந்தச் சமையலறையில் என்ன சமைக்கலாம் என்பதிலும் அவர்கள் விதி நுழைகிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் 'ஒத்த மனமுடையோர்', 'நம் பண்பாடு' என்ற சொற்கள் அடிக்கடி வந்தால் அந்த 'நம்' யார் என்றும் கேளுங்கள். நாகரிகமாகத்தான் பதில் சொல்வார்கள். பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

நீங்கள் எழுதாத நாலாவது ஒன்றும் இருக்கிறது. உங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்கே போனார்கள்? வடலூரிலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு கட்டியவர்கள் உங்கள் டெலிபோன் டைரியிலேயே இருப்பார்கள். வடலூர் தருமசாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சாப்பிட வருபவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. (மீன் மட்டும் அங்கே கிடையாது. அதை உங்கள் மனைவி பொறுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.) புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, தமிழர், தெலுங்கர், வங்காளி, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம்மவர்கள் என்று எல்லோரும் பழகிப்போன ஊர். ஆனால் அது தமிழ்நாட்டுக்கு வெளியே என்பதால் நான் மேலே சொன்ன வாடகைச் சட்டம் அங்கே செல்லாது. எனக்கு ஒரு கட்சி உண்டு, சொல்லிவிடுகிறேன்: திருச்சி. மலைக்கோட்டை, நத்தர்வலி தர்கா, லூர்து அன்னை ஆலயம் மூன்றும் நடந்து போகும் தூரம். ரயில் எல்லாப் பக்கமும் போகும். சென்னை விலை இல்லை. வெயில் மட்டும் கொஞ்சம் அதிகம். நெய்வேலியிலிருந்து வருபவருக்கு அது ஒரு விஷயமா?

எந்த ஊரானாலும், ஓய்வுக்குப் பின் உங்கள் மருத்துவச் சலுகை அங்கே எந்த மருத்துவமனையில் செல்லும் என்று நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வாடகை

இப்போதே வாங்காதீர்கள். மறுவிற்பனை வீடு என்றால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். 70 லட்சத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். இடம் பிடிக்காமல் விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால் அதே செலவு மறுபடியும். அந்தப் பணத்துக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல வாடகை வீட்டில் இருந்துவிடலாம். முதல் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து தெருவைப் பாருங்கள். வீட்டுச் சாமானில் பாதியை மகன் வீட்டில் போட்டுவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

தெருவைப் பார்ப்பது என்றால் ஞாயிறு மதியம் புரோக்கரோடு காரில் போவது இல்லை. காலை ஆறு மணிக்குப் பால் பூத்தில் நில்லுங்கள். வாசல் பலகைகளில் உள்ள பெயர்களைப் படித்துக்கொண்டே தெருவின் கடைசி வரை நடந்து பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் நாலு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வீட்டில் யார், யார் யாரோடு பேசுவதில்லை, போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். சங்கச் செயலாளருக்குத் தெரியாததும் தெரியும். என் கட்சிக்காரர் ஒருவர் ஆவடியில் வீடு வாங்கியதே இஸ்திரிக்காரர் சொல்லித்தான். எதிர்வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தபோது ஆம்புலன்ஸில் கூட ஏறியது யார் என்று அவர் கதையாகச் சொன்னாராம். விழுந்தவர் பெயரும் ஏறியவர் பெயரும் வேறு வேறு கோயிலுக்குப் போகிறவர்களுடையவை. வீட்டைப் பார்க்கும் முன்பே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஒரு தடவை உங்கள் மனைவி தனியாகப் போகட்டும், நீங்கள் வண்டியிலேயே இருங்கள். அவர் தன் பெயரைச் சொல்லி, "இங்கே வீடு பார்க்கிறோம்" என்று நாலு பேரிடம் பேசட்டும். ஐந்து பக்கக் கடிதத்தில் எந்த ஊர் பிடிக்கும் என்பதைப் பற்றி அவர் சொன்னது "எங்கேயானாலும் சரி" என்ற இரண்டே சொற்கள். என் அனுபவத்தில் அந்தச் சொற்களுக்கு 'யாரும் என்னைச் சரியாகக் கேட்கவில்லை' என்று பொருள்.

யார் பெயரில்?

மகன் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார், பின்னால் மாற்றும் செலவு மிச்சம் என்று. ஆனால் அவர் பெயரில் வாங்கினால் வீடு அவருடையது. அவருக்குக் கடன் வரலாம், குடும்பத்தில் சிக்கல் வரலாம். அந்த வீட்டின்மேல் உரிமை கேட்டு வருபவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டு வர மாட்டார்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 23-ஆவது பிரிவு இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நீங்கள் உங்கள் சொத்தை எழுதிக்கொடுத்து, அது மீறப்பட்டால் திரும்பப் பெறுவதற்கானது. நீங்கள் பணம் கொடுத்து மூன்றாம் மனிதரிடமிருந்து மகன் பெயரில் நேராக வாங்கிய வீட்டில் அந்தப் பிடி எளிதில் கிடைக்காது.

இருவர் பெயரிலும் கூட்டாக வாங்குங்கள். உடனே இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள். உங்கள் திருமணத்தில் இது மிக முக்கியம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்த, வேறு வேறு மதத்தைச் சேர்ந்த உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் உங்கள் பங்கில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் தங்கமானவர்களாக இருக்கலாம். ஆனாலும் நாளைக்கு உங்கள் மனைவி அந்த வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போக நினைத்தால், அயர்லாந்திலிருந்து ஒரு பவர் பத்திரம் தூதரக முத்திரையோடு வந்து சேர வேண்டும். ஒரு பக்க உயில் இதையெல்லாம் மிச்சப்படுத்தும்.

கட்டிய ஒரு லட்சம்

கோவைக்கு இதுவரை முன்பணம் மட்டும்தான் போயிருக்கிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்கிறீர்கள். நல்லது. அந்தத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. "சீக்கிரம் 15 லட்சம் போடுங்க, கார்னர் வில்லா போயிடும்" என்று போன் வந்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

இந்த வாரமே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் வேண்டாம். எங்கள் சொந்தச் சமையலறையில் என்ன சமைக்கலாம் என்பதற்கு விதி ஏதும் உண்டா? எங்களில் ஒருவர் போனபின் மற்றவர் தனியாக இருக்கலாமா, 55 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வாரிசாக வந்தால் அவர்கள் அங்கே தங்கலாமா, விற்பதென்றால் யாருக்கு விற்கலாம்? மாதப் பராமரிப்புத் தொகையை ஏற்றும் அதிகாரம் யாருக்கு, எந்தக் கணக்கில்? சேவைக்கான ஒப்பந்தம் வீட்டு ஒப்பந்தத்திலிருந்து தனியாக இருந்தால் அதன் நகலும் வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வரவில்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் எவ்வளவு பிடித்தம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதன் நகலை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.